கால் பங்கும் அரைப் பங்கும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். எழுத்தும் சொல்லும் கூறவந்த அந்நூல், இலக்கணத்துக்குள் நுழையுமுன் வாயிலில் சிறிது நின்று, நூல் என்பது யாது, ஆசிரியன் யார், அவன் பாடம் சொல்லும் முறை எது, மாணாக்கன் யார், அவன் பாடம் கேட்கும் முறை எது என்று ஐந்து செய்திகளை ஆராய்கிறது. அப்பகுதிக்குப் பொதுப்பாயிரம் என்று பெயர். தொடக்க நிலையில் உள்ள ஒருவன் எவ்வாறு படிப்படியாகப் புலமை அடைகிறான் என்பதைத் தமிழில் இத்துணைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் கணக்கிட்டுச் சொன்ன இடம் வேறு காண்பது அரிது.

கணக்கு என்பது இங்கு வெறும் அலங்காரச் சொல் அன்று. பவணந்தியார் உண்மையிலேயே கணக்குப் போடுகிறார். ஒருமுறை கேட்ட நூலை இரண்டாம் முறை கேட்டால் பிழைகள் பெரும்பாலும் நீங்கும். மூன்றாம் முறை கேட்டால் அதனை ஒழுங்காக எடுத்துச் சொல்லும் திறம் வரும். ஆனால் ஆசிரியர் சொன்ன அனைத்தையும் மனத்தில் நன்கு பதித்துக்கொண்டவனும் புலமையில் கால் பங்குக்கு மேல் பெற்றவன் ஆகான். உடன் பயிலும் மாணாக்கரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்பொழுதுதான் கைகூடும். இதுவே அவர் கணக்கு.

இக்கணக்கில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. ஆசிரியனைத் தெய்வமாக எண்ணிப் பணிய வேண்டும் என்று வற்புறுத்திய மரபில் வந்தவர் பவணந்தியார். நெருப்பில் குளிர்காய்வான்போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் ஆசிரியனை வழிபடச் சொன்னவரும் அவரே. அத்தகையவர், அவ்வாசிரியனால் தரக்கூடியது கால் பங்கே என்று சொல்லத் தயங்கவில்லை. இந்தக் கணக்கு சரிதானா என்பதைச் சோதித்துப் பார்க்க, அண்மைக் காலத் தமிழ் வரலாற்றில் ஒரு வாழ்க்கை உண்டு. உத்தமதானபுரம் வே.சாமிநாதையரின் வாழ்க்கை அது. தம் கல்வியின் ஒவ்வொரு படியையும் அவர் தாமே விரிவாக எழுதி வைத்துச் சென்றிருப்பதால், இச்சோதனைக்கு ஊகம் தேவைப்படுவதில்லை.

மணலும் ஓலையும்

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்த சாமிநாதையரின் கல்வி, அக்காலத்துப் பிள்ளைகள் அனைவரின் கல்வியையும் போலவே திண்ணைப் பள்ளியில் தொடங்கியது. மணலில் விரலால் எழுதிப் பழகுதல் முதற்படி. கை தேறிய பின் ஓலையும் எழுத்தாணியும். எழுத்து வந்த பின் ஆத்திசூடி முதலிய நீதி நூல்கள், எண்சுவடி, சதகங்கள், நிகண்டு. இவையனைத்தும் மனப்பாடம். பொருள் விளங்கியதா என்று எவரும் கேட்பதில்லை. பொருள் பின்னால் வரும். சொல் முன்னால் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே அக்கல்வியின் கொள்கை.

இம்முறையைப் பிற்காலத்தார் பலர் பழித்துள்ளனர். பழிப்பில் உண்மை இல்லாமல் இல்லை. நன்னூலே மாணாக்கரை மூவகைப்படுத்தும்பொழுது கிளியை நடுத்தர வரிசையில்தான் வைக்கிறது. சொன்னதைச் சொல்வது கடைநிலை அன்று. அதுவே தலைநிலையும் அன்று. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோட்டுச் சுவைக்கும் பசுவுமே தலைமாணாக்கர்க்கு உவமை. ஆயினும் அசைபோடுவதற்கு முதலில் மேய்ந்திருக்க வேண்டும். திண்ணைப் பள்ளி அந்த மேய்ச்சல் நிலமாக இருந்தது.

அப்பள்ளியில் இன்னோர் இயல்பும் இருந்தது. ஆசிரியர் ஒருவரே, பிள்ளைகள் பலர். ஆகவே மூத்த மாணவன் இளையவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். சட்டாம்பிள்ளை என்னும் சொல் அவ்வழக்கத்தில் நிலைபெற்றது. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்தியதோடு, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே செய்தார். இங்கிலாந்து திரும்பி 1797-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரால் அது இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றில் பரவியது. உடன் பயில்வோரால் வரும் கால் பங்கைப் பவணந்தியார் ஏட்டில் எழுதி ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்த பின், அதே உண்மை எழும்பூர் வழியாகக் கடல் கடந்தது எனலாம்.

ஊர் ஊராகத் தேடிய கல்வி

சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர்; இராமாயணத்தைப் பாடியும் பிரசங்கம் செய்தும் வாழ்ந்தவர். கனம் கிருஷ்ணையரின் இசைமரபு அவரைச் சார்ந்தது. மகனும் இசையில் தேறவேண்டும் என்பதே அவர் முதல் விருப்பம். ஆனால் மகனின் மனம் தமிழில் படிந்தது. அரியலூரில் சடகோபையங்கார் சொன்ன தமிழ்ப் பாடல்களின் சுவை அச்சிறுவனைப் பற்றிக்கொண்டது. இலக்கணம் தெரிந்தவர் என்பதைவிடச் சுவைக்கத் தெரிந்தவர் என்பதே முதல் ஆசிரியர்க்கு வேண்டிய தகுதி என்பதற்குச் சடகோபையங்கார் சான்றாக விளங்குகிறார்.

அதன் பின் நிகழ்ந்தது ஒரு குடும்பத்தின் அலைச்சல். தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டறிந்து, தந்தையார் அந்த ஊருக்கே குடியேறினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையும் என்று கல்வி ஊர்தோறும் ஒவ்வொரு துணுக்காகக் கிடைத்தது. ஊரார் உதவினர், நெல்லும் பருப்பும் தந்து அக்குடும்பத்தைத் தாங்கினர். ஒரு பிள்ளை தமிழ் படிப்பதற்காகப் பெயர் தெரியாத பலர் பொருள் தந்தனர் என்பதை வரலாறு மறத்தலாகாது.

இந்நிலையில் சாமிநாதையர் ஒரு தேக்கத்தை அடைந்தார். கற்பவர் அனைவரும் அறிந்த தேக்கம் அது. தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் புதியது கிட்டும். வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். சில ஆண்டுகளில் அருகில் உள்ளவர்களிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிடும். செய்யுள் கட்டத் தெரியும். ஆனால் அது நல்ல செய்யுளா என்று தெரியாது. சீரும் தளையும் சரியாக இருப்பதைக் காரிகை உறுதி செய்யும். கவிதை இருப்பதை உறுதி செய்யக் காரிகையால் ஆகாது. அந்த இடத்தில் நின்றுவிடுவோர் பலர். விருத்தாசல ரெட்டியார் நின்றுவிடச் சொல்லவில்லை. தம்மினும் பெரியவரான திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லுமாறு வழிகாட்டினார். தம் எல்லை எது என்று அறிந்து மாணவனை அதற்கு அப்பால் அனுப்பி வைப்பதும் ஆசிரியத் தொழிலில் ஒரு பகுதியே.

தளிர் பார்த்த காலை

1871-ஆம் ஆண்டு, பதினாறு வயது நிறைந்த இளைஞராகச் சாமிநாதையர் தந்தையாருடன் மாயூரம் சென்றார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அப்பொழுது வயது ஐம்பத்தாறு. தமிழ்நாட்டில் அவருக்கு நிகரான புலவர் இல்லை என்னும் நிலை. இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலிய பிரபந்தங்களையும் பாடியவர். அவரிடம் பலர் பாடம் கேட்க வந்து இடையிலேயே போய்விட்டனர். ஆகவே புதிதாக வந்தவரை அவர் உடனே கைப்பிடித்துக்கொள்ளவில்லை. முதலில் மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் படிக்குமாறு ஏற்பாடு செய்தார்.

கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை அன்போடு சொல்லிக் கொடுத்தார். ஆனால் கடலைத் தேடி வந்தவருக்கு வாய்க்கால் போதவில்லை. ஆசிரியரை நேரே கேட்கவும் துணிவு இல்லை. இந்தச் சங்கடத்திலிருந்து வழி பிறந்த கதை, கற்றல் வரலாற்றில் நினைக்கத்தக்கது. பிள்ளைக்குத் தோட்டத்தில் மிகுந்த விருப்பம். விடியற்காலையில் எழுந்து, தாம் வைத்த மரங்களில் புதிதாகத் துளிர் விட்டிருக்கிறதா என்று கிளை கிளையாகப் பார்ப்பார். சாமிநாதையர் அதனைக் கவனித்தார். அவருக்கு முன்பே எழுந்து, எந்தச் செடியில் எங்கே தளிர் தோன்றியிருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டினார். நாள்தோறும் இது நடந்தது. ஆசிரியர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி கண்ட ஒரு வேளையில், தமக்கு நேரே பாடம் சொல்ல வேண்டும் என்ற விண்ணப்பம் வெளிவந்தது. அன்றுமுதல் பாடம் நேரே நடந்தது.

இது ஆசிரியரை மகிழ்விக்கும் தந்திரம் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். சற்று ஆழ்ந்து நோக்கினால், கல்வியின் இரண்டாம் படியே இதில் அடங்கியிருப்பது புலனாகும். முதற்படியில் மாணவன் ஆசிரியர் சொல்வதைக் கேட்கிறான். இரண்டாம் படியில் ஆசிரியர் எதைப் பார்க்கிறார் என்று பார்க்கிறான். நேற்று இல்லாத தளிரை இன்று கண்டுபிடிக்கும் கண், பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளில் ஓர் எழுத்து வேறுபாட்டைக் கண்டுபிடித்த கண்ணாகியது.

அதன் பின் பாடங்கள் வெள்ளமாயின. முன்பு ஒரு நூலுக்குப் பல மாதம் சென்ற இடத்தில், இப்பொழுது அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கலம்பகங்களும் கோவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அதே காலத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. மாயூரத்தில் அப்பொழுது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துவந்தார். தந்தையின் விருப்பப்படி சாமிநாதையர் அவரிடம் இசை கற்கத் தொடங்கினார். இதனை அறிந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை உவக்கவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கியத்தில் ஊக்கம் குறையும் என்று கருதினார். மாணவர் இசைப் பயிற்சியை விட்டார். அம்முடிவு சரியா என்பது இன்றும் வினாவே. இசையும் தமிழும் பகையல்ல என்று வாதிடுவோர்க்கு இடம் உண்டு. ஆனால் ஒன்றில் முழுமை நாடுபவன் இன்னொன்றை விலையாகத் தர நேர்கிறது என்பதும், தந்தையின் கனவே இங்கு அவ்விலையாயிற்று என்பதும் மறைக்க இயலாத உண்மைகள்.

ஆசிரியரும் ஒரு காலத்து மாணவர்

மகாவித்துவானின் இளமை வரலாற்றைப் பிற்காலத்தில் சாமிநாதையரே எழுதினார். 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக அது வெளிவந்தது. அதில் வரும் ஒரு நிகழ்ச்சி, புலமை எவ்வளவு தாழ்ந்து வணங்கித் தேடப்பட்டது என்பதைக் காட்டும். இளைஞராக இருந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் தண்டியலங்காரம் படிக்க ஆசை. அந்நூல் அக்காலத்தில் எளிதில் கிடைப்பதன்று, கற்றவரும் அரியர். திரிசிரபுரத்தில் வீடுதோறும் பிச்சை எடுத்துத் திரிந்த ஒரு பரதேசிக்கு அது தெரியும் என்று அவர் அறிந்தார். அப்பரதேசி பிச்சைக்குச் செல்லும் வழியெல்லாம் அவர் பின்னால் நடந்தார். அவருக்கு வேண்டிய கஞ்சாவையும் வாங்கிக் கொடுத்து உபசரித்தார். அவர் மனம் இசைந்தபொழுது சொன்னதைக் கேட்டு அணியிலக்கணம் கற்றார்.

நாடு போற்றும் புலவரின் அலங்காரக் கல்வி, பிச்சைப் பாத்திரத்தின் பின்னே நடந்து பெறப்பட்டது. சொல்பவன் யார் என்று பாராமல் சொல்லும் பொருளைப் பார்த்த கண் அது. அதனால்தான், பின்னாளில் அவர் ஆசிரியரானபொழுதும் கேட்பவர் யார் என்று பார்க்கவில்லை. அந்தணரும் வேளாளரும் கிறித்தவரும் மடத்துத் தம்பிரான்களும் அவரிடம் ஒருங்கே பாடம் கேட்டனர்.

எழுத்தாணி பிடித்த கை

திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்த ஆண்டுகளில் சாமிநாதையரின் நிலை மெல்ல மாறியது. முதலில் கேட்பவர், பிறகு பலர் முன்னிலையில் நூலைப் படிப்பவர், பிறகு ஆசிரியர் பாடும் செய்யுட்களை ஏட்டில் எழுதுபவர். ஆசிரியர் முன்குறிப்பு ஏதுமின்றிச் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போவார். எழுதும் கை பின்தொடர்ந்து ஓட வேண்டும்.

கவிஞர்கள் இப்படியைச் சிறப்பாகக் கவனிக்கலாம். முடிந்த செய்யுளைப் படிப்பவன் கட்டிய வீட்டைப் பார்க்கிறான். செய்யுள் பிறக்கும்பொழுது அருகிருந்து எழுதுபவன், வீடு எழும்புவதைப் பார்க்கிறான். எந்தச் சொல் முதலில் வந்தது, எது மாற்றப்பட்டது, எதுகை வேண்டி எங்கே நின்று யோசிக்கப்பட்டது என்பவை அச்சிட்ட நூலில் தெரியா. தச்சன் பட்டறையிலும் சிற்பியின் கூடத்திலும் மாணவன் கற்கும் முறை இதுவே. சொல்லால் கற்பிக்க முடியாத பகுதி, அருகிருத்தலால் மட்டுமே கைமாறுகிறது.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் மறைந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுக் கல்வி அன்றோடு நின்றது. சாமிநாதையர் ஆதீனத்திலேயே தங்கி, தேசிகரிடம் பாடம் கேட்டும் மற்றவர்க்குப் பாடம் சொல்லியும் வந்தார். 1880-இல், அதே ஆசிரியரின் மாணவரும் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியருமான தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபொழுது, தம் இடத்துக்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். பரிந்துரை பலித்தது. இருபத்தைந்து வயதில் கல்லூரித் தமிழாசிரியர். கற்றது எண்ணற்ற பிரபந்தங்கள். பெற்றது ஒப்பற்ற ஆசிரியர். அமர்ந்தது மதிப்புமிக்க பதவி. இங்கே ஒரு வாழ்க்கை வரலாறு நிறைவாக முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால், ஊருக்கு ஒருவராக இருந்த நல்ல தமிழாசிரியர்களுள் ஒருவராக அவர் மறக்கப்பட்டிருப்பார்.

அக்டோபர் 21, 1880

கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை அந்நாளில் சாமிநாதையர் சந்தித்தார். முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். சாமிநாதையர் தாம் பாடம் கேட்ட நூல்களை அடுக்கினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று வரிசை நீண்டது. முதலியார் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. புராணங்களையும் கம்பராமாயணத்தையும் இலக்கணங்களையும் சொல்லியும் பயனில்லை. இவற்றால் என்ன பயன் என்பதுபோல் கேட்டுவிட்டு, பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார் முதலியார். சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகிய பெயர்களையும் சொன்னார்.

படித்ததில்லை. அவை பாடமாக நடக்கவில்லை. சீவகசிந்தாமணியில் நாமகள் இலம்பகம் மட்டும் 1868-இல் பவர் பாதிரியாரால் அச்சிடப்பட்டிருந்தது. முழுநூல் ஏட்டிலேயே கிடந்தது. தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம் பயின்று, தலைசிறந்த மடத்தில் தங்கிப் பாடம் சொன்ன ஒருவருக்கு, தம் மொழியின் பெருங்காப்பியங்கள் பெயரளவிலேயே தெரிந்திருந்தன. இக்குறை அவருடையது மட்டும் அன்று. ஆசிரியருடையது மட்டும் அன்று. ஒரு காலத்தின் குறை. மாணவன் ஆசிரியரின் புலமையைப் பெறும்பொழுது, அப்புலமையின் எல்லையையும் உடன் பெறுகிறான். ஆசிரியர் தருவது கால் பங்கே என்று பவணந்தியார் சொன்னதன் பொருள் அன்று வெளிப்பட்டது.

அவ்விடத்தில் மூன்று வழிகள் இருந்தன. கேட்டவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடலாம். நாணி ஒதுங்கிவிடலாம். அல்லது மீண்டும் தொடக்க மாணவன் ஆகலாம். சாமிநாதையர், பிரதி கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்க முடியும் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைத் தேடிக் கொடுத்தார். ஒரு நிபந்தனையும் வைத்தார். படித்துத் தமக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்பதே அது.

அரைப் பங்கு

அந்த நிபந்தனையில்தான் வரலாற்றின் திருப்பம் உள்ளது. தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது எளிது. தெரியாததைச் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டவனுக்கு இரவு தூக்கம் இராது. சிந்தாமணியின் 3145 செய்யுட்களும் நச்சினார்க்கினியர் உரையும் அவர்முன் கிடந்தன. சமண சமயக் கருத்துகள் அடியெடுத்து வைத்த இடத்திலேயே தடுத்தன. சைவச் சூழலில் வளர்ந்த அவருக்கு அச்சமயச் சொற்கள் விளங்கவில்லை. நிகண்டு உதவவில்லை, மடத்துப் புலவர்களும் உதவ இயலவில்லை. முதலியாரோ விடாமல் வினவுபவர். மழுப்பலான விடையை அவர் ஏற்பதில்லை.

ஆகவே கல்லூரித் தமிழாசிரியர் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளைத் தேடிச் சென்றார். அவர்களுக்குச் சிந்தாமணி, முறையாக ஓதி நிறைவு செய்து கொண்டாடும் நூல். புலவர் உலகம் மறந்திருந்த காப்பியம் சில குடும்பங்களின் கூடத்தில் உயிரோடு இருந்தது. அங்கே இலக்கணம் அறிந்தவராகச் சாமிநாதையர் செல்லவில்லை. சமயம் அறியாதவராகச் சென்றார். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டார். பிச்சைப் பாத்திரத்தின் பின் நடந்த ஆசிரியரின் அடியை மாணவர் வேறொரு தெருவில் பின்பற்றினார்.

அடுத்த தடை உரையாசிரியர். நச்சினார்க்கினியர் தொலைவில் உள்ள சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் சொல்பவர். மேற்கோளாகப் பல அடிகளைக் காட்டுவார். எந்த நூலின் அடி என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். அந்த அடிகள் எங்கிருந்து வந்தன? இவ்வினாவைப் பின்பற்றிப் போனவருக்கு, தாம் பல ஆண்டுகள் தங்கிப் பயின்ற அதே திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே விடை கிடைத்தது. எட்டுத்தொகை நூல்கள் அங்கே இருந்தன. உரையில் கண்ட அடியைச் சுவடியில் காணும்பொழுதெல்லாம் ஒரு கதவு திறந்தது. ஏடுகள் அங்கே முன்பும் இருந்தன. படிக்கும் கண்ணும் முன்பே இருந்தது. இல்லாதிருந்தது வினா ஒன்றே. வினாவைத் தந்தவர் ஆசிரியர் அல்லர். பாடம் கேட்க வந்தவர்.

கேட்டவற்றையும் கண்டவற்றையும் அவர் குறிப்பேடுகளில் அடுக்கினார். சொல்லகராதியும் ஒப்புமைப் பகுதிகளும் உருவாயின. ஏடுகளை ஒன்றோடொன்று வைத்து வேறுபாடுகளைக் குறித்தார். பதிப்பு என்பது எப்படிச் செய்ய வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலையே முறையைக் கற்பித்தது. ஏழாண்டு உழைப்பின் பின் 1887-இல் சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை எனத் தொடர்ந்தது. முதலியார் அன்று கேட்ட மூன்று பெயர்களும் பதினெட்டு ஆண்டுகளில் அச்சு நூல்களாயின.

எண்பத்திரண்டு வயதில்

முதல் பதிப்போடு தேர்ச்சி முடிந்துவிட்டது என்று அவர் கருதவில்லை. ஒரே நூலை மீண்டும் மீண்டும் பதிப்பித்தார். புதிய ஏடு கிடைத்தால் பழைய பாடத்தைத் திருத்தினார். விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று விட்டுவைக்கும் துணிவும் அவருக்கு இருந்தது. தொடக்க மாணவனுக்குத் தெரியாதது எது என்று தெரியாது. இடைநிலையில் இருப்பவன் தெரியாததை மறைக்க விரும்புவான். தேர்ந்தவனே தெரியாத இடத்தைக் கோடிட்டுக் காட்டுவான்.

1937-இல் குறுந்தொகை அவர் பதிப்பாக வெளிவந்தது. அவருக்கு அப்பொழுது வயது எண்பத்திரண்டு. 1887-இல் அவர் அச்சிட்டது பிறர் உரை. 1937-இல் அச்சிட்டது தம் உரை. பழைய உரை வழக்கில் இல்லாத ஒரு சங்கநூலுக்குத் தாமே உரையாசிரியர் ஆவதற்கு ஐம்பது ஆண்டுகள் அவர் காத்திருந்தார் எனலாம். நச்சினார்க்கினியர் அமர்ந்த இருக்கையில் அவர் தம்மை வலிந்து அமர்த்திக்கொள்ளவில்லை. உழைப்பு அவரை அங்கே கொண்டுபோய் அமர்த்தியது. 1940 முதல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் எழுதத் தொடங்கினார். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தபொழுது அது முற்றுப்பெறாமல் நின்றது.

கணக்கின் பயன்

இவ்வரலாற்றைப் பவணந்தியாரின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் சில செய்திகள் துலங்கும். ஆசிரியர் தந்த கால் பங்கு இல்லையேல் எதுவும் இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊட்டிய யாப்பும் சொல்வளமும் இல்லாத ஒருவரிடம் சிந்தாமணி ஏட்டைக் கொடுத்திருந்தால் அது ஏடாகவே இருந்திருக்கும். உடன் பயின்றோர் தந்த கால் பங்கும் சிறிதன்று. நைடதம் சொல்லிய சவேரிநாத பிள்ளையும், பதவியை விட்டுச் செல்லும்பொழுது உடன்மாணாக்கரை நினைத்த தியாகராச செட்டியாரும் அதற்குச் சான்று. ஆனால் அரைப் பங்கைத் தந்தவர் சேலம் இராமசாமி முதலியார். அவர் சாமிநாதையரைவிடத் தமிழ் அறிந்தவர் அல்லர். பாடம் சொல்லவும் வரவில்லை. எளிதில் நிறைவடையாத ஒரு கேள்வியாளராக மட்டுமே வந்தார்.

புலமை வளர்ச்சியைப் பேசும்பொழுது ஆசிரியரைப் போற்றுவதும் மாணவனின் உழைப்பைப் போற்றுவதும் வழக்கம். கேட்பவனைப் போற்றுவது வழக்கத்தில் இல்லை. முன்சீபின் வினா இல்லையேல் கும்பகோணம் கல்லூரிக்கு ஒரு நல்லாசிரியர் கிடைத்திருப்பார். சிந்தாமணியும் மணிமேகலையும் இன்னும் எத்தனைக் காலம் செல்லரித்துக் கிடந்திருக்குமோ, சொல்வதற்கில்லை.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும்பொழுது, அவ்வட்டம் எத்தனைக் கூட்டம் நடத்தியது, எத்தனை நூல் வெளியிட்டது என்று கணக்கெடுப்பது இயல்பு. பவணந்தியாரின் கணக்கில் வட்டத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உடன் பயில்வோராக இருந்து ஒருவர்க்கொருவர் கால் பங்கு தருவது. கூடிப் படிக்கும் எந்த வட்டமும் இதனை ஓரளவு செய்துவிடும். மற்றொன்று கடினமானது. தன் உறுப்பினர் ஒருவர் கற்றதையெல்லாம் அடுக்கிக் காட்டும்பொழுது, கைதட்டி முடித்துவிடாமல், இன்னும் படிக்காதது எது என்று அன்போடும் கண்டிப்போடும் கேட்பது. கேட்டுவிட்டுப் போய்விடாமல், ஏட்டைத் தேடித் தந்து, அவர் படித்துச் சொல்லும்வரை எதிரே உட்கார்ந்திருப்பது.

அந்த அரைப் பங்கைத் தரும் வட்டத்தில், கவிதை கட்டப் பழகும் இளைஞர்க்கும் பட்டங்கள் பெற்ற மூத்தவர்க்கும் வேறுபாடு மிகுதியாக இராது. இருவரும் விடியற்காலையில் எழுந்து, நேற்று இல்லாத தளிர் எந்தக் கிளையில் துளிர்த்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பர்.